மாதச் சம்பளம் வாங்கிக்கொண்டு கேரம் விளையாடுவது ஒரு வேலையா?

இரண்டு இதழுக்கு முன்னால் சமூகப் பணிப் படிப்பு பற்றி ஒரு வாசகருக்கு நாலே வரியில் பதில் எழுதினேன். அது போதவில்லை என்று கடிதங்கள் வந்து குவிந்துவிட்டன, பாதி கேள்வி, பாதி திட்டு. அதனால் இந்த முறை முழுப் பகுதியும் இளைஞர்களோடும் ஊர்மக்களோடும் வேலை செய்வதைப் பற்றித்தான். பெயர்களை எடுத்துவிட்டு ஊரை மட்டும் போட்டிருக்கிறேன்.

கேள்வி: பி.எஸ்சி. தாவரவியல் கடைசி வருடம். என்.எஸ்.எஸ். ஏழு நாள் முகாமில் ஒரு கிராமத்தில் தங்கிப் பிள்ளைகளுக்கு மாலையில் பாடம் சொல்லிக்கொடுத்தேன். அதையே வேலையாகச் செய்ய ஆசை. தாவரவியல் படித்தவள் எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப் பணி முதுகலை) சேர முடியுமா? அப்பா பேங்க் எக்ஸாம் எழுதச் சொல்கிறார். (திண்டுக்கல்)

பதில்: தாராளமாகச் சேரலாம், எந்தப் பட்டப்படிப்பு முடித்தவரும் சேரலாம், இரண்டு வருடப் படிப்பு. சென்னையில் மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோஷியல் ஒர்க் இருக்கிறது. மேரி கிளப்வாலா ஜாதவ் அம்மையார் முயற்சியில் 1952ல் வந்தது. லயோலா, ஸ்டெல்லா மாரிஸ், கோவையில் பி.எஸ்.ஜி. கலை அறிவியல் கல்லூரி, திருச்சியில் பிஷப் ஹீபர் என்று இடங்கள் நிறைய. இளைஞர் மேம்பாட்டுக்கென்றே மத்திய அரசு நடத்தும் ராஜீவ் காந்தி தேசிய நிறுவனம் ஸ்ரீபெரும்புதூரில் 1993லிருந்து இருக்கிறது, 2012ல் தனிச் சட்டம் போட்டு அதைத் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமாக்கினார்கள். பக்கத்திலேயே இருக்கும் காந்திகிராமத்தை மறந்துவிடாதீர்கள். சௌந்தரம் அம்மாவும் ஜி. ராமச்சந்திரனும் 1947ல் தொடங்கிய இடம், அங்கே ஊரக வளர்ச்சி படிக்கலாம். நம் பிள்ளைகளுக்குச் சென்னை என்றால்தான் கல்லூரி என்று ஒரு நினைப்பு.

கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது கட்டடத்தைப் பார்க்காதீர்கள். அங்கே படிக்கும் சீனியர் ஒருவரைப் பிடித்து, வாரத்தில் எத்தனை நாள் ஃபீல்டு ஒர்க், அனுப்பிய இடத்துக்கு ஆசிரியர் ஒரு தடவையாவது வந்து பார்க்கிறாரா, எழுதிக் கொடுக்கும் ரிப்போர்ட்டை யாராவது படிக்கிறார்களா என்று கேளுங்கள். பெரும்பாலான இடங்களில் வாரத்தில் இரண்டு நாள் களப்பணி உண்டு. அந்த இரண்டு நாளைக் கையெழுத்து வாங்கும் சடங்காக நடத்துகிற கல்லூரி என்றால் வேறு இடம் பாருங்கள்.

இன்னொன்றும் தெரிந்துகொண்டு போங்கள். வகுப்பில் ஒரு பெரிய கூட்டம் ஹெச்.ஆர். பிரிவை எடுத்துக்கொண்டு கம்பெனிக்குப் போய்விடும். இது இன்று நேற்று வந்த வழக்கமில்லை. 500 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் ஆலையில் தொழிலாளர் நல அலுவலர் இருக்க வேண்டும் என்று 1948 தொழிற்சாலைச் சட்டம் சொன்னது, சமூகப் பணி படித்தவர்களுக்கு ஆலைக் கதவு அப்படித் திறந்தது. போகிறவர்கள் போகட்டும், குறை சொல்ல ஒன்றுமில்லை. இரண்டாம் வருடம் பிரிவு கேட்கும்போது தோழி எடுத்தாள் என்று நீங்களும் எடுத்துவிடாதீர்கள், அவ்வளவுதான்.

முகாம் விஷயத்துக்கு வருகிறேன். ஏழு நாள் முகாம் எல்லாருக்கும் பிடிக்கும். கூட்டமாகப் போகிறோம், சமைத்துச் சாப்பிடுகிறோம், கடைசி நாள் பிள்ளைகள் அழுகின்றன, நாமும் அழுகிறோம். அதை வைத்து முடிவெடுக்காதீர்கள். அதே கிராமத்துக்கு மூன்று மாதம், ஞாயிறு தோறும், டவுன் பஸ் பிடித்துத் தனியாகப் போய்வாருங்கள். நாலாவது வாரம் பத்துப் பிள்ளைகள் இரண்டாகிவிடும், ஐந்தாவது வாரம் கோயில் திருவிழா என்று ஒருவரும் வரமாட்டார்கள். ஆறாவது வாரமும் போகத் தோன்றினால் விண்ணப்பம் வாங்குங்கள். நடுவில் பேங்க் எக்ஸாமையும் எழுதிவிடுங்கள், அப்பா மனசு குளிரட்டும்.

கேள்வி: அண்ணன் மகன் ஒரு தொண்டு நிறுவனத்தில் இளைஞர் பணியாளராம். மாலை நாலு மணிக்குக் கிளம்பிப் போய்ப் பையன்களோடு கேரம் ஆடிவிட்டு ராத்திரி ஒன்பதுக்கு வருகிறான். இதற்கு மாதச் சம்பளமா? (அரக்கோணம்)

பதில்: உங்கள் கேள்வியைத்தான் தலைப்பாகவே வைத்திருக்கிறேன். கோபப்படாமல் ஒரு சம்பவம் கேளுங்கள்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. தென்சென்னையில் ஒரு வாரியக் குடியிருப்பு, மூன்று மாடி, தண்ணீர் மேலே ஏறாது. கீழே மாடிப்படிக்கு அடியில் ஒரு கேரம் போர்டு. முதல் மாதம் முழுக்க நானும் அதைத்தான் செய்தேன், ஆடினேன், தோற்றேன், பவுடர் தட்டினேன். பேச்சுக் கொடுத்தால் எழுந்து போய்விடுவார்கள். அதில் ஒரு பையனுக்குப் பதினைந்து வயது. எல்லாரும் ஆட்காட்டி விரலால் சுண்டுவார்கள், இவன் மட்டும் நடுவிரலால். ஏதோ ஸ்டைல் என்று நினைத்தேன். ஒரு நாள் கிட்டே உட்கார்ந்தபோதுதான் பார்த்தேன், ஆட்காட்டி விரல் கணு பிளந்து, காய்ந்து, திரும்பப் பிளந்திருந்தது. என்னடா என்றேன். "கேன் வழுக்கிடுச்சு."

அந்த இரண்டு வார்த்தைக்கு எனக்கு ஒரு மாதம் ஆகியிருந்தது. காலையில் இருபது லிட்டர் தண்ணீர் கேன் மாடி ஏற்றுகிறான், கேனுக்கு இவ்வளவு என்று காசு. ஒன்பதாம் வகுப்பில் நின்றுவிட்டான், படிப்பு ஏறவில்லை என்றுதான் அந்தத் தெருவே சொல்லிக்கொண்டிருந்தது. நடந்தது வேறு. ஒரு சண்டையில் அப்பாவைக் கூட்டிக்கொண்டு வா என்று பள்ளியில் சொல்லியிருக்கிறார்கள், அப்பா வீட்டைவிட்டுப் போய் வருடக்கணக்காகிறது என்பதை அங்கே சொல்ல இவனுக்கு வாய் வரவில்லை, அதனால் போகவே இல்லை. அவ்வளவுதான் விஷயம்! அப்புறம் அவன் அம்மாவைப் பார்த்து, பள்ளிக்கு நடையாய் நடந்து, கடைசியில் தனித்தேர்வராகப் பத்தாம் வகுப்பு எழுதினான். இரண்டாவது தடவையில் தேறினான், கணக்கில் சரியாக 35.

உங்கள் அண்ணன் மகன் வீட்டுக்கு வந்த பிறகு ஒரு நோட்டில் எழுதுகிறானா என்று பாருங்கள். இன்று எத்தனை பேர் வந்தார்கள், வழக்கமாக வருகிற ஒருவன் ஏன் வரவில்லை, புது செல்போன் ஒருத்தன் கையில் எப்படி வந்தது, யார் யாரோடு பேசுவதில்லை. எழுதுகிறான் என்றால் அவன் வேலை செய்கிறான். எழுதவில்லை என்றால் நீங்கள் சொன்னதுதான் சரி, கேரம்தான் ஆடுகிறான்.

2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் சென்னை கண்ணகி நகர் கார்த்திகா இந்தியக் கபடி அணியில் ஆடித் தங்கத்தோடு வந்தார், ஊரே கொண்டாடியது. நகரத்தின் நடுவிலிருந்த குடிசைகளைக் காலி செய்து கொண்டுபோய்க் குடியமர்த்திய பகுதி அது. அந்த மாதிரி ஓர் இடத்தில் தினமும் மாலை மைதானத்தைக் கூட்டிக் கோடு போட்டுப் பிள்ளைகளை வரவழைக்கிறவர்களைப் பார்த்தும் யாராவது கேட்டிருப்பார்கள், இதெல்லாம் ஒரு வேலையா என்று.

கேள்வி: எம்.எஸ்.டபிள்யூ. முடித்து மூன்று வருடம். சம்பளத்தைச் சொன்னால் பெண் வீட்டார் அடுத்த கேள்வி கேட்பதில்லை. இந்தத் துறையில் எப்போதும் இப்படித்தானா? (திருச்சி)

பதில்: 2003ல் என் முதல் சம்பளம் 3,500 ரூபாய். அதிலும் மூன்று மாதம் பாக்கி வைத்துவிட்டு, "சேவைக்கு வந்துட்டுக் காசு கணக்குப் பார்க்கலாமா தம்பி" என்று கேட்டார் அந்த நிறுவனத்தின் பெரியவர். அவர் பின்னால் ஏ.சி. ஓடிக்கொண்டிருந்தது. அன்றிலிருந்து சேவை மனப்பான்மை என்ற சொல்லை எந்த வேலை விளம்பரத்தில் பார்த்தாலும் சம்பளம் குறைவு என்றுதான் படித்துக்கொள்கிறேன்.

ஏன் இப்படி என்றால், இந்த வேலைக்குப் பணம் ப்ராஜெக்டாகத்தான் வருகிறது, ஒரு வருடம், இரண்டு வருடம், மிஞ்சினால் மூன்று. வெளிநாட்டு நன்கொடையில் நிர்வாகச் செலவுக்கு முன்பு 50 சதவீதம் வரை எடுக்கலாம், 2020ல் சட்டத்தைத் திருத்தி 20 ஆக்கினார்கள். வாங்கிய நிறுவனம் அதை இன்னொரு சின்ன நிறுவனத்துக்குப் பிரித்துக் கொடுப்பதும் அதோடு நின்றது. மாவட்டத்தில் இருந்த சின்னச் சின்ன அமைப்புகள் அதில்தான் ஆட்டம் கண்டன. இன்னொரு பக்கம், 2013 கம்பெனிச் சட்டப்படி பெரிய கம்பெனிகள் லாபத்தில் 2 சதவீதம் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும். பணம் அங்கே இருக்கிறது, ஆனால் அவர்களுக்குக் கட்டிய கழிப்பறையின் போட்டோ வேண்டும், விரல் பிளந்த பையனின் நம்பிக்கையைப் போட்டோ எடுக்க முடியாதே.

அரசுப் பக்கம் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு இருக்கிறது. பாதுகாப்பு அலுவலர், ஆற்றுப்படுத்துநர் (கவுன்சலர்), சமூகப் பணியாளர், புறத்தொடர்புப் பணியாளர் என்று பணியிடங்கள். பெரும்பாலும் ஒப்பந்தம், தொகுப்பூதியம். அறிவிப்பு மாவட்ட இணையதளத்தில் வரும், மாதம் ஒரு தடவையாவது பாருங்கள். மருத்துவமனை, பள்ளி ஆலோசகர், கம்பெனி அறக்கட்டளை என்று போனால் வருமானம் கொஞ்சம் தேறும்.

அடுத்த வேலையில் சேரும் முன் பணி ஆணையைக் கையில் வாங்குங்கள். பி.எஃப். பிடிப்பார்களா, பெட்ரோல் யார் கணக்கு, ப்ராஜெக்ட் எந்தத் தேதியில் முடிகிறது என்று கேட்கக் கூச்சப்படாதீர்கள். ஒரு நாளைக்கு நாற்பது கிலோமீட்டர் வண்டி ஓட்டிவிட்டு மாதக் கடைசியில் பெட்ரோல் பில்லை நீட்டிக்கொண்டு நிற்பவர்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன். பெண் பார்க்கிற விஷயத்தில் எனக்கு அனுபவம் குறைவு, ஒரே வீட்டில்தான் பார்த்தேன், அவரும் இதே துறை.

கேள்வி: களப்பணிக்கு ஒரு கிராமத்துக்குப் போகிறேன். திண்ணையில் இருக்கும் பெரியவர்கள் முதலில் "தம்பிக்கு எந்த ஊரு, யாரு வகையறா" என்று சாதியைத்தான் நோண்டுகிறார்கள். சொல்லலாமா, மறுக்கலாமா? (விருதுநகர்)

பதில்: எல்லாருக்கும் நடப்பது. கல்லூரியில் இதற்குத் தயார் செய்து அனுப்புவதில்லை என்பதுதான் என் மனக்குறை. "பெரியப்பா, ஊரு விருதுநகர்ப் பக்கம், அப்பா கொத்தனார்" என்று ஊரையும் தொழிலையும் சொல்லிவிட்டு உடனே அவரிடம் ஒரு கேள்வியைத் திருப்பிப் போடுங்கள், கண்மாய் இந்த வருடம் நிறைந்ததா என்று. பாதிப் பேர் கண்மாய்க்குப் போய்விடுவார்கள். மீதிப் பேர் எப்படியும் உங்கள் ஊரில் விசாரித்துத் தெரிந்துகொள்வார்கள்.

அதைவிட முக்கியம் நீங்கள் முதலில் எங்கே உட்காருகிறீர்கள் என்பது. முதல் நாள் தலைவர் வீட்டில் காப்பி குடித்துவிட்டால் அதற்கப்புறம் காலனியில் உங்களிடம் எவரும் வாய் திறக்க மாட்டார்கள். நான் செய்த தப்பு இது. மூன்று மாதம் போனது அதைச் சரிசெய்ய. காலனியில் ஒரு வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடித்த பிறகு ஊருக்குள் போனால், ஊர்க்காரர்கள் சிலர் முகம் திருப்புவார்கள், திருப்பட்டும். யார் முகம் திருப்புகிறார் என்பதும் உங்கள் நோட்டில் எழுத வேண்டிய செய்திதானே. இளைஞர் மன்றம் தொடங்கும்போது எந்த இடத்தில் கூட்டம் என்பதில் கவனம். கோயில் வாசல் என்றால் சில பையன்கள் வரவே முடியாது. பள்ளிக்கூட வராந்தா நல்லது.

கேள்வி: பதினைந்து வயதுப் பெண் ஒருத்தி, "யாரிடமும் சொல்லக் கூடாது" என்று சத்தியம் வாங்கிக்கொண்டு வீட்டுக்குள் ஓர் உறவினர் தன்னிடம் நடந்துகொள்ளும் விதத்தைச் சொன்னாள். நான் களப்பணி மாணவிதான். என்ன செய்வது? (தஞ்சாவூர்)

பதில்: இந்தக் கடிதத்துக்கு இதழ் வரும்வரை காத்திருக்கவில்லை, போனில் பேசிவிட்டோம். மற்றவர்களுக்காக எழுதுகிறேன்.

இதை மறைக்க உங்களுக்கு உரிமை கிடையாது. 2012 போக்சோ சட்டப்படி 18 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைக்குப் பாலியல் கொடுமை நடப்பது தெரிந்தால் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும், தெரிவிக்காமல் விட்டால் அதுவே குற்றம், ஆறு மாதம் வரை சிறை. மாணவி, தன்னார்வலர் என்றெல்லாம் விலக்கு இல்லை. உங்கள் கண்காணிப்பாளரிடம் அன்றைக்கே சொல்லுங்கள், 1098க்கு அழையுங்கள். 1996ல் மும்பையில் தொடங்கிய சைல்டுலைன் என்ற குழந்தைகள் உதவி எண்தான் அது, 2023லிருந்து அரசே நடத்துகிறது. குழந்தைகள் நலக் குழு அந்தப் பெண்ணின் பாதுகாப்பைப் பார்க்கும். அவளைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைக்காதீர்கள், நீங்கள் விசாரணை அதிகாரி இல்லை, கேட்டதை அவள் சொன்ன சொற்களிலேயே எழுதிவைத்தால் போதும்.

கஷ்டமான பகுதி சத்தியம்தான். அவளிடம் நேராகப் போய், "நான் சத்தியம் பண்ணியது தப்பு, இதை ஒருவரிடம் சொல்லியாக வேண்டும், யாரிடம் சொல்கிறேன் என்பதை உன்னிடம் சொல்லிவிட்டுத்தான் செய்வேன்" என்று சொல்லிவிடுங்கள். கோபிப்பாள். பேசாமல்கூட இருப்பாள். இனி எந்தப் பிள்ளை "அக்கா, ஒரு ரகசியம்" என்று ஆரம்பித்தாலும் அவள் அடுத்த வார்த்தை சொல்வதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்: உனக்கு ஆபத்து என்றால் மட்டும் நான் இன்னொருவரிடம் சொல்லுவேன், மற்றது எல்லாம் நம் இருவருக்குள். அப்புறம், இந்த மாதிரிப் பிள்ளைகளின் படத்தையோ பெயரையோ பள்ளிப் பெயரையோ வாட்ஸப் குரூப்பில் போடுவது சட்டப்படி குற்றம். "நல்ல கேஸ்" என்று ஆர்வத்தில் போடுகிறவர்களை இன்னும் பார்க்கிறேன்.

கேள்வி: எனக்கு 36 வயது, பிளஸ் டூ. பன்னிரண்டு வருடமாக மகளிர் குழுவில் இருக்கிறேன், கூட்டமைப்பில் பொறுப்பும் உண்டு. பட்டம் இல்லாமல் இந்த வேலைக்கு வர முடியாதா? (பென்னாகரம்)

பதில்: அக்கா, நீங்கள் ஏற்கெனவே இந்த வேலையில்தான் இருக்கிறீர்கள். தமிழ்நாட்டில் மகளிர் சுய உதவிக் குழு 1989ல் உங்கள் தர்மபுரி மாவட்டத்தில்தான் தொடங்கியது. கடன் கட்டாத வீட்டு வாசலில் போய் நின்று சண்டையாகாமல் பேசி முடிக்கிற வித்தையை எந்தக் கல்லூரியிலும் சொல்லித்தர மாட்டார்கள். ஊரக வாழ்வாதார இயக்கத்தில் சமுதாய வளப் பயிற்றுநராகக் குழுப் பெண்களைத்தான் எடுக்கிறார்கள், வட்டார அலுவலகத்தில் கேளுங்கள். பட்டமும் வேண்டும் என்றால் இக்னோ திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் தொலைதூரக் கல்வியில் பி.எஸ்.டபிள்யூ. (சமூகப் பணி இளநிலை) உண்டு, பிளஸ் டூ போதும். அதிலும் களப்பணி செய்து அறிக்கை எழுத வேண்டும், உங்களுக்கு அதுதான் சுலபமாக இருக்கும்.

கேள்வி: இங்கிலாந்தில் இளைஞர் பணிக்கு நல்ல சம்பளம் என்கிறார்களே? (கோவை)

பதில்: அங்கே இது முறைப்படுத்திய தொழில். தகுதி பெற்ற இளைஞர் பணியாளர் என்று சொல்லிக்கொள்ள ஜே.என்.சி. (இந்தத் துறையின் சம்பளத்தையும் தகுதியையும் தீர்மானிக்கும் கூட்டுக் குழு) அங்கீகாரம் உள்ள படிப்பு வேண்டும், 2010லிருந்து குறைந்தது பட்டப்படிப்பு. நம்மூர் எம்.எஸ்.டபிள்யூ.வோடு போய் இறங்கினால் சோஷியல் ஒர்க்கர் வேலை வேறு, யூத் ஒர்க்கர் வேலை வேறு என்று திருப்பி அனுப்புவார்கள், சோஷியல் ஒர்க்கருக்குத் தனிப் பதிவு வேறு உண்டு. பிள்ளைகளோடு பழகும் வேலைக்குக் குற்றப் பின்னணிச் சோதனை இல்லாமல் எடுக்க மாட்டார்கள், அதை மட்டும் நாமும் காப்பியடிக்கலாம். கன்சல்டன்சிக்குப் பணம் கட்டும் முன் அந்தப் படிப்பு ஜே.என்.சி. பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

கேள்வி: வரும் மார்ச்சோடு ப்ராஜெக்ட் முடிகிறது. இரண்டு வருடம் பழகிய பசங்களிடம் எப்படிச் சொல்வது? (எண்ணூர்)

பதில்: இப்போதே சொல்லுங்கள், நாளைக்கே. கடைசி வாரம் கேக் வெட்டிச் சொல்லலாம் என்று நினைக்காதீர்கள், அதைத்தான் நான் செய்தேன். பசங்க கேக்கை முகத்தில் பூசிக்கொண்டு சிரித்தார்கள், போர்டைச் சுற்றி உட்கார்ந்தார்கள், அந்தத் தண்ணீர் கேன் பையன் மட்டும் கேக்கைத் தொடாமல், "சார், போர்டையும் எடுத்துட்டுப் போயிடுவீங்களா" என்று கேட்டான். அலுவலகச் சொத்துப் பட்டியலில் அந்தப் போர்டு இருந்தது, திரும்ப ஒப்படைக்க வேண்டும். எனக்குப் பதில் தெரியவில்லை.

அதனால் இப்போதே உட்கார்ந்து பட்டியல் போடுங்கள். எந்தப் பையனின் பள்ளிக் காகிதம் பாதியில் நிற்கிறது, யாருக்கு எந்த அதிகாரியின் நம்பர் தேவைப்படும், அறைச் சாவி யாரிடம், மாலையில் எந்த அண்ணன் வந்து திறப்பான். அவர்களையே தீர்மானிக்க விடுங்கள், சண்டை போட்டுக்கொண்டாவது தீர்மானிப்பார்கள். பொருட்களை ஊர் மன்றத்துக்கு எழுதிக் கொடுக்க நிறுவனத்திடம் இந்த மாதமே கடிதம் கேளுங்கள், மார்ச்சில் கேட்டால் ஆடிட் என்பார்கள். நான் அந்தப் போர்டு தொலைந்துவிட்டது என்று எழுதிக் கொடுத்துவிட்டு 650 ரூபாய் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளச் சொன்னேன். அது அந்த மாடிப்படிக்கு அடியில்தான் இருந்தது.